மஞ்சள் முடிச்சுக்குள் ஓடிபி

எங்கள் சர்வர் அறைப் பதிவேட்டின் 112ஆம் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது:

"திங்கள், காலை 9.42. துறைமுக போர்ட்டல் புதுக் கம்ப்யூட்டரை நம்ப மறுக்கிறது. ஓடிபி கேட்கிறது. ஓடிபி போகும் எண் முதலாளியுடையது. முதலாளி பழனிக்கு நடந்துகொண்டிருக்கிறார். காரணம்: நான்."

கடைசி இரண்டு சொற்களை மாலையில்தான் சேர்த்தேன். மை நிறம் மாறியிருப்பதே அதற்குச் சாட்சி. காலையில் அந்த இடத்தில் "காரணம்: தெரியவில்லை" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அடித்ததைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். தைப்பூசம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை அது; எங்கள் பக்கத்துக் காவடிகள் பூசம் முடிந்த பிறகுதான் பழனிக்குக் கிளம்பும்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐ.டி. மேனேஜர் என்றால் என்ன செய்வார்?" என்பதுதான். நெட்வொர்க், சர்வர், பேக்கப், பாதுகாப்பு என்று வகுப்பில் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அந்த வேலை புரிந்தது மேற்படி திங்கட்கிழமை காலை 9.42க்கும் மாலை நாலுக்கும் நடுவில்தான். அதற்கு முன்பே பதினாறு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1. கூவி விற்ற ஓடிபி

நாமக்கல்லுக்கு வெளியே முட்டை ஏற்றுமதி செய்யும் கம்பெனி. கோழிப் பண்ணைகள், தீவன ஆலை, பேக்கிங் கூடம், சொந்த லாரிகள் எல்லாம் உண்டு. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். முதலாளி சென்னியப்பன் அலுவலகத்தின் நடுக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். தனி அறை கட்டிக் கொடுத்தார்கள்; அதில் தீவன சாம்பிள் மூட்டைகளை அடுக்கிவிட்டு மறுபடியும் கூடத்துக்கே வந்துவிட்டார்.

அவரிடம் ஒரு பட்டன் போன். ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. கம்பெனியின் எல்லா போர்ட்டல்களுக்கும் பதிவு செய்த எண் அந்த பட்டன் போன் எண்தான். எண்ணை மாற்றலாம் என்று நான் வருடத்துக்கு ஒரு முறை கேட்பேன். அவரும் வருடத்துக்கு ஒரு முறை ஒரே பதிலைச் சொல்வார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுச் சாவி ஆருகிட்ட இருக்கோணும்? ஊட்டுக்காரங்கிட்டத்தானே?"

ஆகவே யாருக்கு ஓடிபி வேண்டுமென்றாலும் முதலாளி மேஜையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, ஏலம் விடுகிறவர் மாதிரி கூவுவார். "நாப்பத்தேழு! பதிமூணு! அறுவத்தி ரெண்டு!" எடைமேடையில் நிற்கும் லாரி டிரைவர் வரைக்கும் கேட்கும். ரகசிய எண் என்றால் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது, "நம்மாளுங்ககிட்ட என்னங்க ரகசியம்?" என்று வருத்தப்பட்டார்.

துறைமுக போர்ட்டலுக்கும், லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். போர்ட்டலுக்கும் மட்டும் அப்போது ஓடிபி கிடையாது. பாஸ்வேர்டு மட்டும். துறைமுகத்தினுடையதை ஒரு சீட்டில் எழுதி, ஏற்றுமதிப் பிரிவுக் கௌசல்யாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஜி.பி.எஸ். போர்ட்டலின் பாஸ்வேர்டும், கௌசல்யாவின் தங்கை கல்யாணப் பத்திரிகையும் இருக்கும்.

புதிதாக ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தார். ஆர்டர் உறுதியாகும் முன் அவர்கள் தரப்பு ஆடிட்டர் ஒருவர் வந்தார். கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தார். முதலாளி அந்நேரத்தில் மூன்று ஓடிபி கூவினார். ஆடிட்டர் காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவருடைய அறிக்கை சுருக்கமாக இருந்தது. முதல் சரக்கு கிளம்பும் முன் துறைமுக போர்ட்டலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது ஓடிபி, போட வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் இல்லை.

2. நான் செய்த ஒழுங்கான காரியங்கள்

இனி வருவதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியான காரியம். பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதி, பக்கத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கினேன். முதலாளி கேட்டுக்கொண்டபடி அவர் எண்ணுக்கே.

வெள்ளிக்கிழமை மாலை 5.10. போன் தொலைந்தால் பயன்படுத்துவதற்காக போர்ட்டல் பத்து அவசர எண்கள் கொடுத்தது. அதை அச்செடுத்தேன். ஒரே பிரதி. இன்னொரு பிரதி இருந்தால் ரகசியம் கெட்டுவிடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கவரில் போட்டு ஒட்டி, அரக்கு வைக்காத குறையாக முதலாளி கையில் கொடுத்தேன்.

"இது என்னங்க அம்மணி?"

"உங்க போன் இல்லாமப் போனா இது உதவும் சார். ரொம்பப் பத்திரமான இடத்துல வைங்க."

"அப்படீங்களா? பீரோவவிடப் பத்திரமான எடம் ஒண்ணு இருக்குது. அங்க வெச்சுடறேன்."

அன்று அவர் கழுத்தில் ஏற்கெனவே துளசி மாலை. காலில் செருப்பில்லை. மறுநாள் விடியற்காலையில் காவடிக் கூட்டத்தோடு பழனிக்குக் கிளம்புகிறார். வருடாவருடம் போகிறவர்தான். இந்த வருடம் மனைவியின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்காகக் கூடுதலாக ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: பழனி போய்ச் சேரும் வரை போனைத் தொடுவதில்லை.

"அம்மணி, அஞ்சு நாளு. என்ன நடந்தாலும் எனக்கு ஒரு சேதி வரக்கூடாது. கம்பெனியில ஒண்ணும் கோளாறு வராதுங்களே?"

"வராது சார்." அதோடு விட்டிருக்கலாம். அன்றைய வாராந்தர அறிக்கையின் கீழே "இனி இதில் தடங்கல் ஏற்பட வாய்ப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை மாலை, முதலாளி காலையிலேயே கிளம்பிவிட்ட பிறகு, கௌசல்யாவின் பழைய கம்ப்யூட்டரை எடுத்து, அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதியதை வைத்தேன். டிக்.

பழைய கம்ப்யூட்டரை போர்ட்டலுக்குத் தெரியும், அதில் ஓடிபி கேட்காது. புதியதைத் தெரியாது.

3. காலை 9.42 முதல்

திங்கட்கிழமை காலை அந்த முதல் சரக்கு, குளிரூட்டிய நாற்பதடி கன்டெய்னரில், தெற்கே துறைமுகத்துக்கு வெளியே நின்றது. உள்ளே போக வேண்டுமென்றால் நாங்கள் போர்ட்டலில் அனுமதிப் படிவம் போட வேண்டும். கட்-ஆஃப் மாலை நாலு மணி. அதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் அடுத்த வாரம். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதி அச்சடித்திருக்கிறது. ஒரு வாரம் தாமதமானால் வாடிக்கையாளர் சரக்கை எடுக்க மாட்டார். அந்த ஆர்டரும் போகும். என் கையெழுத்துப் போட்ட வாக்கியமும் போகும்.

கௌசல்யா பாஸ்வேர்டு போட்டாள். போர்ட்டல் ஆறு இலக்க ஓடிபி கேட்டது. அவள் என்னைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிட்டாள்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறுன்னு போட்டுப் பாத்தேங்க மேடம்."

"ஏன் கௌசல்யா?"

"நெறைய எடத்துல அது வேலை செய்யுதுங்களே."

திரையில் ஒரு வரி வந்திருந்தது: இன்னும் இரண்டு தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கு இருபத்து நான்கு மணி நேரம் பூட்டப்படும்.

முதலாளியின் எண்ணுக்கு அடித்தேன். முழுசாக மணி அடித்தது. எடுக்கவில்லை. போன் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு அடித்தேன். அவர் மனைவி ராஜாமணி அம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.

"போனுங்களா? பூசை ரூம்புல வெச்சுட்டுப் போறேன்னுதான் சொன்னாருங்க. இருங்க பாக்கறேன்." ஒரு நிமிடம். "போனு இல்லீங்க அம்மணி. சார்ஜர் இருக்குது. பொட்டு வெச்சுருக்காரு."

"நான் ஒரு கவர் கொடுத்தேனே அம்மா, வெள்ளைக் கவர்?"

"பீரோவுல இல்லீங்களே. நீங்க எதுக்கும் பதறாதீங்க. பதறினா எனக்குக் கண்ணுல தண்ணி வரும், டாக்டர் கூடாதுன்னாரு."

போர்ட்டலின் உதவி எண்ணில் இருபத்தைந்து நிமிடம் வீணை கேட்டேன். பிறகு ஒரு பெண் மிகவும் மரியாதையாக, பதிவு செய்த எண்ணில் இருந்து அழைத்தால் உடனே உதவ முடியும் என்றாள். அந்த எண்தான் இல்லை என்றேன். அப்படியானால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், மாற்றுவதற்கு அந்த எண்ணுக்கு ஓடிபி வரும் என்றாள்.

நம் வேலையில் இப்படி ஒரு கட்டம் வரும். எல்லா வாசலும் அடைபட்டிருக்கும். அடைத்தது நாமாகவே இருப்போம். அப்போது செய்யக்கூடாதது, தெரிந்த வாசலையே திரும்பத் திரும்பத் தட்டுவது. நான் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தில் எழுதினேன்: கம்பெனிக்குச் சொந்தமானவற்றில் எது எது இப்போது முதலாளிக்கு அருகில் இருக்கிறது?

பதில் ஒன்றே ஒன்று. லாரி.

காவடிக் கூட்டத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் ஏற்றிக்கொண்டு முன்னால் போவது எங்கள் தீவன லாரி. அதில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அந்த போர்ட்டலுக்கு நான் இன்னும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடவில்லை. பாஸ்வேர்டு கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஆடிட்டர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

லாரி முத்தூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் நின்றது. ஓட்டிப் போனவர் முருகேசன், தம்மம்பட்டிக்காரர். பல வருடம் வடக்கே லைன் ஓட்டியவர். பதினோரு மணியில் இருந்து அடித்து, 12.20க்குத்தான் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். சாம்பார் தாளிச்சிட்டிருந்தேன்."

"முருகேசன், முதலாளி போன் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். அரிசி டிரம்முக்குள்ள. காலைல இருந்து அடிச்சிட்டே கெடக்குது. நீங்கதானா அது? சாமி கூப்பிடுதுன்னு ரெண்டு பேரு கும்பிட்டுட்டுப் போனாங்க."

"அதை எடுத்து, வந்திருக்கிற மெசேஜைப் படிங்களேன்."

முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "முடியாது மேடம். முடிஞ்சு வெச்சிருக்காரு."

4. முடிச்சு

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சாமிக்கு நேர்ந்துகொண்டால் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நேர்த்தி நிறைவேறும் வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. போனைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்ட சென்னியப்பன், மிகவும் சரியான மனிதர் என்பதால், போனையே காசோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார். அணைத்து வைக்கவில்லை. அணைப்பது அபசகுனம் என்று நினைத்தாராம்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கேட்கவே பயமாக இருந்தது.

"முருகேசன், அதுக்குள்ள ஒரு கவர்..."

"வெள்ளைக் கவரா? அதுவும் உள்ளதான் மேடம் இருக்குது. நாலா மடிச்சு போனுக்கு அடியில வெச்சாரு. மேடம் பத்திரமா வைக்கச் சொன்னாங்கன்னாரு."

கௌசல்யா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மற்றவர்கள் யாராவது பிரிக்கலாமா என்றால், கூட்டத்தில் எல்லோரும் மாலை போட்டவர்கள். ஒருத்தர் நேர்த்தியை இன்னொருத்தர் அவிழ்க்க மாட்டார்கள். மாலை போடாதவர் முருகேசன் ஒருவர்தான். அவரும் முதலாளி சொல்லாமல் டிரம்மைத் திறக்க மாட்டேன் என்றார். முதலாளி நடந்து வருகிறார். பகல் சாப்பாட்டுக்குத்தான் தோப்புக்கு வந்து சேர்வார். இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர்.

நேரில் போகலாமா என்று கௌசல்யா கேட்டாள். நான் போய் என்ன செய்ய? ஓடிபியை இங்கேதான் அடிக்க வேண்டும். கன்டெய்னர் டிரைவர் இரண்டு முறை கூப்பிட்டார். "என்னுங்க மேடம், எனக்குப் பின்னால வந்தவன் எல்லாம் உள்ள போயிட்டு வெளிய வந்துட்டானுங்க. நானு இங்கியே ரேசன் கார்டு வாங்கிக்கட்டுமுங்களா?"

காவடிகள் தோப்புக்குள் வந்தது 2.40க்கு. மேளம் எனக்குப் போனிலேயே காதைக் கிழித்தது. முருகேசன் முதலாளியிடம் போனார். முதலாளி போனைத் தொட மாட்டார், போனில் பேசவும் மாட்டார். ஆனால் முருகேசனின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதலாளி பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் முருகேசன் ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் சொன்னதை அவருக்குத் திருப்பிச் சொன்னார்.

"கோளாறு வராதுன்னு எழுதிக் குடுத்தாங்களேன்னு கேளு."

"மேடம், கோளாறு வராதுன்னு..."

"கேட்டுச்சு முருகேசன். தப்பு என்னோடதுதான்னு சொல்லுங்க."

"தப்பு அவங்களோடதாமுங்க."

முதலாளி அடுத்த கேள்விக்குப் போனார்.

"கன்டெய்னரு எங்க நிக்குது?"

"கேட்டுக்கு வெளிய சார். நாலு மணி வரைக்கும்தான் டைம்."

"கேட்டுக்கு வெளிய..." என்று முருகேசன் ஆரம்பித்தார்.

"எனக்குங் காது இருக்குதப்பா." பிறகு காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல முதலாளி சொன்னார்: "முடிச்ச அவுக்க முடியாது. அவ ரெண்டு கண்ணுக்கு வெச்சது அது. நாப்பதடி முட்டைக்காக அவுத்தன்னு வெய்யி, நாளைக்கு அவளுக்கு ஒரு தூசி உளுந்தாலும் நானு காரணமாயிருவேன். அவுக்காம எது பண்ணுனாலுஞ் செரி. அம்மணி படிச்சவங்கதானே? பண்ணச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினாறு வருடத்தில் ஒருவர் எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு தேவையைச் சொன்னதில்லை. எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது, மிச்சமெல்லாம் உன் இஷ்டம். ஐந்து பக்க அறிக்கைகளில் இது கிடைக்காது.

முதலில் மெசேஜை முயன்றோம். முருகேசன் துணியோடு சேர்த்துப் பட்டனை அமுக்கினார். வெளிச்சம் வந்தது, எழுத்துத் தெரியவில்லை. தண்ணீர் தெளித்தால் துணி மெலிசாகும் என்று கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். போன் போய்விடும் என்று இன்னொருவர். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போகாது என்று மூன்றாமவர்.

3.14. திரையின் அடியில், நான் நான்கு நாளாகப் பார்த்தும் படிக்காத, மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி: மெசேஜ் வரவில்லையா? அழைப்பில் பெறுங்கள்.

துணி வழியாகப் படிக்க முடியாது. ஆனால் துணி வழியாகக் கேட்கலாம்.

5. அரோகரா

"முருகேசன், இப்ப அந்த போன் அடிக்கும். துணியோட சேத்துப் பச்சை பட்டனை அமுக்குங்க. அப்புறம் உங்க போனை அது பக்கத்துல வைங்க. ஒரு பொம்பளை ஆறு நம்பர் சொல்லும்."

"எந்தப் பொம்பளை மேடம்?"

"மெஷின்தான்."

அழுத்தினேன். முடிச்சு அடித்தது. முருகேசன் பச்சை பட்டனைக் கண்டுபிடித்தார். மேளத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் பேசியது, இந்தியில். எங்கள் அலுவலகத்தில் இந்தி தெரிந்தவர் யாரும் இல்லை. போர்ட்டல் எங்கேயோ வடக்கே செய்தது. மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் நான் வியாழக்கிழமை எதையும் மாற்றவில்லை. டிக் போட்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும் மேடம், நான் நாக்பூர் லைன்ல இருந்தவன்!" என்று முருகேசன் கத்தினார். அதற்குள் குரல் பாதி எண்ணைத் தாண்டிவிட்டது. அந்தக் குரல் இரண்டு முறை சொல்லும். இரண்டாவது முறை சொல்லும்போது ஒருவர் சரியாகப் பக்கத்தில் வந்து தவில் வாசித்தார். ஐந்து எண் நிச்சயம், ஒன்று 'சே'யோ 'சாத்'தோ, அதாவது ஆறோ ஏழோ. ஆறு என்று வைத்தேன். தவறு. கடைசி வாய்ப்பு ஒன்று மிச்சம். மணி 3.27. புது எண் கேட்க வேண்டுமென்றால் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னது போர்ட்டல்.

"முருகேசன், மேளத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா?"

இதை மட்டும் முருகேசன் முதலாளியிடம் திருப்பிச் சொல்லவில்லை. காவடி வந்து இறங்கும் இடத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்வது சின்ன விஷயமில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் ஸ்பீக்கரில் முதலாளிக்குக் கேட்டுவிட்டது.

அவர் என்ன செய்தார் என்பதை முருகேசன் சொல்லித்தான் எழுதுகிறேன். காவடியைத் தோளில் இருந்து இறக்காமலே கூட்டத்தின் நடுவுக்குப் போய், ஒரு கையை மேலே தூக்கினாராம். முதலில் தவில் நின்றது. பிறகு நாதஸ்வரம். பிறகு பேச்சு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது தென்னை மட்டை உரசும் சத்தம் மட்டும்.

3.38. அழைப்பை அழுத்தினேன். அரிசி டிரம்மின் மூடிமேல் மஞ்சள் முடிச்சு அடித்தது.

இந்திக்காரி பேசினாள். முருகேசன் ஒவ்வொன்றாகச் சொன்னார், தாளம் தப்பாமல்.

"தீன். மூணு. நௌ. ஒம்பது. சாத். ஏழு. ஏக். ஒண்ணு. பாஞ்ச். அஞ்சு. தோ. ரெண்டு."

அவள் இரண்டாவது முறை சொன்னாள். அவரும் இரண்டாவது முறை சொன்னார். மாறவில்லை. கௌசல்யா ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாக அடித்தாள். கடைசி எண்ணுக்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

திறந்தது.

"ஆச்சுங்க!" என்று கௌசல்யா போட்ட சத்தம் இங்கிருந்து போய் அங்கே ஸ்பீக்கரில் விழுந்தது. அடுத்த நொடி இருநூறு பேர் ஒரே குரலில் "அரோகரா!" என்றார்கள். எதற்காகச் சொன்னோம் என்று அவர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது. மேளம் பிடித்துக்கொண்டது. நான் போனை வைத்தேன்.

படிவம் போட்டது 3.46. அனுமதிச் சீட்டு வந்தது 3.53. கன்டெய்னர் டிரைவருக்கு அனுப்பியது 3.54. அவருக்கு முன்னால் இன்னும் சில வண்டிகள் நின்றன.

6. பிறகு

ஐந்தாம் நாள் முதலாளி பஸ்ஸில் திரும்பினார். மொட்டைத் தலை, மடியில் பஞ்சாமிர்த டப்பாக்கள். காசு உண்டியலுக்குப் போயிருந்தது. போனும் கவரும் மஞ்சள் வாசனையோடு என் மேஜைக்கு வந்தன. பதிவேட்டின் 112ஆம் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். வேலையை விடச் சொன்னால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வந்திருந்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "காரணம்: நான்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, லாரிக்கு ஸ்டெப்னின்னு ஒண்ணு வெக்கிறோமே. அத ஓடற டயருக்குள்ளயே திணிச்சு வெப்பமுங்களா?"

"வைக்க மாட்டோம் சார். ஆனா திணிச்சது நீங்க."

கூடத்தில் தலைகள் குனிந்தன. அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பத்தரமா வெய்யுங்கன்னு சொன்னது ஆரு? போனோட வெக்காதீங்கன்னு சொல்லலையே!"

அது உண்மை. நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும் என்பதால் அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரும்பாலான தவறுகளை விரித்துப் பார்த்தால் உள்ளே இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கும்.

அன்றே பட்டியல் போட்டோம். ஒவ்வொரு போர்ட்டலுக்கும் இரண்டு எண்கள். அவசர எண்கள் இரண்டு கவரில், இரண்டு வீட்டில். முதல் எண் முதலாளியுடையதே, அதை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது எண் யாருடையது என்ற பேச்சு வந்தபோது, நான் ராஜாமணி அம்மாவின் பெயரைச் சொன்னேன். முதல் மணியில் போன் எடுக்கிறவர் அந்தக் கம்பெனியைச் சுற்றி அவர் ஒருவர்தான். இப்போது ஓடிபி கேட்டு அழைத்தால், எண் வந்த பிறகும் அவர் உடனே சொல்வதில்லை.

"எதுக்குங்க கௌசல்யா? நேத்தும் இதே போர்ட்டலுக்குக் கேட்டீங்களே? ம்ம். செரி, மெதுவாச் சொல்றேன், எழுதிக்குங்க. ஒருக்காத்தான் சொல்லுவேன்."

அடுத்த வருடம் வந்த ஆடிட்டர் இதைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு கட்டுப்பாட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அறிக்கையில் எழுதினார். பாராட்டா என்று தெரியாமல் பதிவேட்டில் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஐ.டி. மேனேஜர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். எந்தக் கருவி எந்தக் கருவியை நம்பி ஓடுகிறது என்று எழுதி வைப்பார். அதற்குப் பக்கத்தில், எந்தக் கருவி எந்த மனிதரை நம்பி ஓடுகிறது, அந்த மனிதர் எப்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்புவார் என்பதையும் எழுதி வைப்பார். கோளாறு நேரும்போது முதல் வரியில் தன் பெயரைப் போடக் கூச்சப்பட மாட்டார்.

சரக்கு கப்பலில் போனது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். ஆர்டர் இன்றும் தொடர்கிறது. இதில் சந்தேகம் இல்லை. கடிதங்கள் கோப்பில் உள்ளன.

ஆனால் கேட்டில் கொடுத்த சீட்டையும் கோப்பில் வைத்திருக்கிறேன். அதில் எங்கள் கன்டெய்னர் உள்ளே நுழைந்த நேரம் மாலை 4.04 என்று இருக்கிறது. கட்-ஆஃப் 4.00. கன்டெய்னர் டிரைவரைக் கேட்டேன். வண்டியின் மூக்கு நாலு மணிக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டது, சீட்டு அப்புறம் அடித்தார்கள் என்கிறார். கேட்டு இயந்திரத்தின் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கும் என்கிறாள் கௌசல்யா. முதலாளி இரண்டையும் கேட்டுவிட்டு நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொள்வதோடு சரி. விவரம் கேட்டுத் துறைமுகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அந்த நாலு நிமிடம் எப்படிக் கிடைத்தது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.